பதினாறும் பெற்று

அமரர் நாகேசு அவர்களின் நினைவுமலர்
பதினெட்டாம் பக்கத்தில நிண்டுபோச்சு.
ஸ்காபரோவில இருந்து மகன் அனுப்பின படங்கள்
ஒவ்வொண்டும் பன்னிரண்டு எம்பி.
என்ர பெட்டியில மொத்தம் ரெண்டு ஜிபி.
திரையில வட்டம் சுத்துது, சுத்துது,
தேத்தண்ணி போட்டுக் குடிச்சுக்
கோப்பையும் கழுவிக்கொண்டு வாறன்,
இன்னும் சுத்துது.

வெள்ளி அந்தியேட்டி.
இண்டைக்குச் செவ்வாய்.

புதுக் கொம்பியூட்டர் எடு எண்டு தம்பி சொல்லுறான்.
அவன் சொல்லுவான்.
பிரிண்டருக்கே இன்னும் ஆறு மாதக் கட்டுக்காசு கிடக்கு.
மூடியைக் கழட்டி, பழைய பெயின்ற் பிறஷால தூசு தட்டி,
இருந்த ஒரு கீற்றை நெம்பி எடுத்து
கண்டோஸ் தாளில சுத்திக்
காசுப்பையில வைச்சுக்கொண்டு
கொக்குவில் சந்தியில பஸ் ஏறினன்.

கஸ்தூரியார் வீதிக் கடையில ஏசி.
மதுராங்கன் எண்டு கழுத்தில பேர் தொங்கின பெடியன்
"டிடிஆர் எத்தினை அக்கா?" எண்டான்.
தாளைப் பிரிச்சுக் காட்டினன்.
மூண்டு. நாலு இதில ஏறாது,
வெட்டு வேற இடத்தில இருக்கும்,
பிடிவாதமா அமத்தினால் ஒண்டில் அது உடையும், இல்லாட்டி போர்ட்.
வோல்ற் சரி. வேகம் கூட, பரவாயில்லை,
மெதுவானதுக்காக வேகமானது நடையைக் குறைக்கும்.
பல்லு இருநூற்று நாற்பது, எண்ண வேண்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
முப்பத்தொன்பது வயசுக்குள்ள எத்தினை தரம்
சாத்திரியார் கொப்பியைத் திருப்பித் திருப்பி
இதே குரலில,
தினம் இருக்கு, கணம் இருக்கு,
இரச்சுத்தான் இடிக்குது எண்டவர்.
இதுக்கு எல்லாம் இருந்தது.
நாலு ஜிபி, உறை உடைக்காதது,
ஒரு வருச உத்தரவாதம்.

கடைக்கு வந்து செருகினன்.
ரெண்டு பக்கக் காதும் கிளிக் எண்டு பூட்டிச்சு.
நீட்டு பீப்.
பிறகும் நீட்டு பீப்.
பக்கத்துச் சலூன்காரர்
ஒரு கன்னத்தில நுரையோட இருந்த ஆளை விட்டிட்டு
எட்டிப் பார்த்தார்.
அழிறப்பரால பல்லுத் தேய்ச்சன்.
மற்ற வாயில மாத்திச் செருகினன்.
திரை கறுப்பு.

புதன் காலமை குருநகர்.
யூட் அன்ரன் அண்ணையின்ர மேசை முழுக்கச் செத்த போர்ட்டுகள்.
புதுக் கீற்றைத் திருப்பிப் பார்த்தார்.
ஒரு பக்கம் எட்டுச் சிப். மற்றப் பக்கம் மொட்டை.
"உன்ர போர்ட் ஜி நாப்பத்தொண்டெல்லே.
அதுக்குப் பதினாறு வேணும்,
இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு.
ஒரு சிப்புக்குள்ள இவ்வளவை அடைச்சால்
அதுக்கு எண்ணத் தெரியாது.
பெட்டியில இதை எழுத மாட்டாங்கள்."
பிஸ்கற் ரின்னுக்குள்ள கையை விட்டு
மீன் தெரிஞ்செடுக்கிற மாதிரி ஒண்டை எடுத்தார்.
ரெண்டு ஜிபி. சிப்புக்கு மேல வெள்ளைப் பெயின்ற்றில
ஏதோ கந்தோரின்ர இலக்கம்.

"ஆரின்ரயும் ஏதும் இதுக்குள்ள இருக்குமோ?"
"கரண்ட் போனால் எல்லாத்தையும் மறக்கிற சாமான் பிள்ளை.
அதுக்குப் போய் நினைவகம் எண்டு பேர் வைச்சிருக்கினம்."
அறுநூறு ரூபா.
பதினாறும் பெற்று எண்டு சொல்லி அவர் சிரிச்சார்.
நான் சில்லறை எண்ணினன்.

ஒரேயொரு பீப். கட்டையா.
நாலு போட்டிருக்கு,
மூண்டேகால்தான் பாவிக்கலாம் எண்டு விண்டோஸ் சொல்லுது.
மிச்ச முக்காலும் உள்ளதான் இருக்கு,
அதின்ர கண்ணில படாது.

பதினெட்டாம் பக்கம் திறந்திட்டுது.
லாண்ட்மாஸ்ரருக்குப் பக்கத்தில நாகேசு ஐயா,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
ஓரத்தில நிக்கிற ஆளை வெட்டிவிடுங்கோ எண்டு
மகன் வட்சப்பில போட்டிருந்தவர்.
பெருசாக்கினன்.
இருநூறு வீதம். நானூறு.
பெட்டி நிக்கேல்லை.
கத்தரிக்கோல் அடையாளம்
அந்த ஆளின்ர தோளுக்கு மேல.

புதுக் கீற்றைத் திருப்பிக் குடுக்க வேணும்.
பில்லை எங்கை வைச்சனான்?